ஆறு படி ஜாடியும் அரை இஞ்ச் ஓட்டையும்

நான் அதிகம் பேசமாட்டேன். படிப்பும் அஞ்சாவதோடு சரி. பேச்சு குறைவாக இருந்தால் தப்பும் குறைவாக இருக்கும் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. ஒரே ஒரு வரியில் முடிய வேண்டிய விஷயத்தை, வாயை மூடிக்கொண்டே மூன்று வாரம் இழுத்து, கடைசியில் அத்தனை சொந்தபந்தத்தின் முன்னாலும் ஊறுகாய் எண்ணெயில் உட்கார்ந்தவன் நான்.

அந்த வரி இதுதான்: "அத்தை, ஜாடி உடைஞ்சுபோச்சுங்க."

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. அப்போது கணபதிப் பக்கம் ஒரு பம்பு கம்பெனியில் நான் பிட்டர். வாடகை வீட்டில் இருந்தோம். சரவணம்பட்டிப் பக்கம் சொந்தமாக ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. வைகாசியில் புண்ணியார்ச்சனை வைத்திருந்தோம். (வீடு குடிபுகும் விசேஷத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்.)

என் மனைவி பூங்கொடிக்குக் காங்கேயம் பக்கம். தோட்டம், கிணறு, மாடு கன்று உள்ள குடும்பம். எனக்கு ஒரு சென்ட் பூமி கிடையாது. ஸ்பேனர் செட் உண்டு. "பம்பு மாட்டறவருக்குங்களா குடுக்கறது?" என்று என் மாமியார் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை கேட்டாராம். ஒரே தடவைதான். மரியாதை தெரிந்தவர்.

சீரோடு சீராக ஒரு பீங்கான் ஜாடியையும் கொடுத்து அனுப்பினார். பழைய ஜாடி. ஆறு படி பிடிக்கும். மேல்பாதி காப்பி நிறம், கீழ்ப்பாதி வெள்ளை. அவர் இருபது வருஷம் ஊறுகாய் போட்ட ஜாடி. நாங்கள் பஸ் ஏறும்போது என் பக்கத்தில் வந்து, "மாப்ள, ஜாடி பத்திரமுங்க" என்றார். பொண்ணு பத்திரம் என்று சொல்லவில்லை. பஸ் நகரும் வரைக்கும் காத்திருந்து பார்த்தேன். சொல்லவே இல்லை.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம், மாங்காய்க் காலத்தில் அவரே தோட்டத்து மாங்காயை மூட்டை கட்டிக்கொண்டு வருவார். தன் கையால் அந்த ஜாடியில் ஊறுகாய் போட்டுவிட்டுப் போவார். எங்களைப் பார்க்க வருகிறாரா, ஜாடியைப் பார்க்க வருகிறாரா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. கேட்டதில்லை.

அந்த வருஷம் சித்திரையில் பூங்கொடி ஜாடியை என்னிடம் கொடுத்தாள். "ஏனுங்க, இதக் கழுவி வெயில்ல வெச்சுருங்க. ஈரம் துளிகூட இருக்கப்படாதுங்க."

கழுவினேன். காய வைப்பதில்தான் என் மூளை வேலை செய்தது. கம்பெனியில் பம்பின் இரும்புக் கூடான கேசிங்கைக் கழுவினால் வாய் கீழே இருக்கும்படி ஒரு கம்பியில் கவிழ்த்து நிறுத்துவோம். நீர் முழுக்க வடிந்துவிடும். அதே முறையில் மொட்டை மாடியில் ஒரு கம்பியை நட்டு ஜாடியைக் கவிழ்த்தேன். காற்று வந்தது. கம்பி சாய்ந்தது.

பம்பு கேசிங் விழுந்தால் தரை உடையும். ஜாடி விழுந்தால் ஜாடி உடையும். இந்த வித்தியாசம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பூங்கொடி மேலே வந்தாள். பார்த்தாள். கோபம் வந்தால் அவள் கத்தமாட்டாள். மரியாதை கூடிவிடும். ஒரு 'ங்க' போடும் இடத்தில் இரண்டு போடுவாள்.

"உடைச்சுப்போட்டீங்களாங்க?"

"ம்."

"எங்கம்மா புண்ணியார்ச்சனைக்கு எட்டு நாளைக்கு முன்னாலயே வாராங்களாங்க. மாங்காயோட வாராங்களாங்க. அன்னைக்கு அடுப்படியில ஜாடி இருக்கோணுங்க. 'கொடுத்த ஒரு சாமானக் காப்பாத்தத் தெரியலயா உன்ற ஊட்டுக்காரருக்கு'ன்னு அவிய ஒரு வார்த்தை கேட்டுப்போட்டாங்கன்னா, பொறவு அந்தப் புது ஊட்டுக்குள்ள நான் தல நிமுந்து போகமாட்டேனுங்க."

அத்தனை நீளமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. அதே மாதிரி ஜாடி ஒன்றைக் கொண்டுவந்து வைப்பது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். முடிவு செய்தால் நான் மாறமாட்டேன். (இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.)

முதலில் உக்கடம் போனேன். அங்கே பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு கடையிலும் ஜாடி மூடிகள் குவியலாகக் கிடந்தன. ஜாடி ஒன்றுகூட இல்லை.

"ஜாடி எங்கீங்க?" என்று ஒரு கடைக்காரரிடம் கேட்டேன்.

"ஜாடி வந்தா நிக்காதுங்ணா. ரேஸ்கோர்ஸ்ல ஒரு அம்மா கடை போட்டுருக்காங்க, அவிய எடுத்துக்குவாங்க. மூடி வேண்டாமுன்னு வீசிட்டுப் போயிருவாங்க."

"மூடியில்லாம ஊறுகாய் கெட்டுப்போகாதுங்களா?"

"ஊறுகாய்க்கு யாருங்ணா வாங்கறாங்க? குடை வெக்கறதுக்கு."

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். இருந்தாலும் அளவான மூடி ஒன்றை வாங்கிக்கொண்டேன். ஜாடி கிடைத்தே தீரும் என்ற எண்ணம். பத்து நாளில் ஒன்பது கடை ஏறி இறங்கினேன். பொள்ளாச்சிச் சந்தைக்கும் போய் வந்தேன். ஒன்றும் இல்லை. கடைசியில் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, பணக்காரர்கள் குடியிருக்கும் ரேஸ்கோர்ஸ் போனேன்.

அது கடை மாதிரி இல்லை. பங்களா. உள்ளே போனால் என் மாமியார் வீட்டு மாட்டுச்சாளையைக் கழுவித் துடைத்து லைட் போட்டது போல் இருந்தது. வண்டிச் சக்கரத்தின் மேல் கண்ணாடி வைத்து மேசை. சுவரில் கலப்பை. உரலுக்குள் செடி. ஒரு பெரிய ஜாடியில் நிஜமாகவே மூன்று குடைகள். உக்கடத்துக்காரர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்.

காட்டன் சேலையும் கண்ணாடியுமாக ஓர் அம்மா வந்தார். அவர்தான் முதலாளி.

"சொல்லுங்க சார். என்ன மாதிரி பாக்கறீங்க?"

"ஜாடிங்க. ஆறு படி. மேல காப்பி கலர், கீழ வெள்ளைங்க."

"எங்க வைக்கப் போறீங்க? ஹாலா, பால்கனியா?"

"அடுப்படிங்க."

"ஓ, கிச்சன் டெகரேஷன்! நல்லாருக்கும். உள்ள என்ன வைப்பீங்க? காய்ஞ்ச பூவா, மயிலிறகா?"

"ஊறுகாய்ங்க."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார்.

ஒவ்வொரு ஜாடியாகச் சோதித்தேன். விரலால் தட்டிப் பார்த்தேன். உள்ளே தலையை விட்டு மோந்து பார்த்தேன். முதல் ஜாடியில் விரிசல் சத்தம். இரண்டாவதில் பினாயில் வாசம். மூன்றாவது ரொம்பப் பழசாகத் தெரிந்தது. தடவினேன். கையோடு பழசு வந்துவிட்டது.

"அது பழைய மாடல்ல செய்யச் சொன்னது சார்."

"அப்படின்னா?"

"புதுசு சார்."

நாலாவது ஜாடி மூலையில் இருந்தது. பார்த்ததும் கிட்டே போனேன். அதே உயரம், அதே நிறம், அதே வயிறு. தலையில் மட்டும் துணி வைத்துத் தைத்த பெரிய தொப்பி. தொப்பிக்குள் பல்பு எரிந்துகொண்டிருந்தது. ஜாடியை விளக்காக மாற்றியிருந்தார்கள்.

"இது வேணுமுங்க."

"அது ஆர்டர் சார். நாளைக்கு வந்து எடுத்துக்குவாங்க."

"நிக்கறேனுங்க."

"நின்னா எப்படி சார்?"

"பரவால்லீங்க. நிக்கறேன்."

நின்றேன். உட்காரலாம் என்று பக்கத்தில் இருந்த நாற்காலியைத் தொட்டேன். "அதுல உக்காராதீங்க சார், பழசு, தாங்காது" என்றார். எல்லாம் உட்காராத நாற்காலி, ஊறாத ஜாடி, உழாத கலப்பை. மறுபடி நின்றேன். கார்களில் ஆட்கள் வந்து போனார்கள். ஒருவர் என்னையும் சுற்றி வந்து பார்த்தார். விலை கேட்காமல் போனார்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். ஹால் நடுவில் ஓர் உருளி இருந்தது. மேலே ஒரு பித்தளைச் சொம்பு. சொம்பிலிருந்து உருளிக்குள் தண்ணீர் விழ வேண்டும் போலிருக்கிறது. விழவில்லை. அடியில் 'ங்ங்ங்' என்று ஒரு முனகல் மட்டும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்க என்னால் முடியாது.

"ஏனுங்கம்மா, இது எத்தன நாளா ஓடலீங்க?"

"மூணு நாளாச்சு. மோட்டார் போயிருச்சு சார்."

"போகலீங்க. அடைச்சிருக்குது."

சட்டையைக் கழற்றிவிட்டு உருளிக்குள் கை விட்டேன். எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு பம்பு. (பம்பில் குழந்தை உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது.) பிரித்தேன். உள்ளே சுற்றுகிற இம்பெல்லரில் ரோஜா இதழ்கள். வாரி எடுத்துவிட்டு மாட்டினேன். சொம்பிலிருந்து தண்ணீர் விழுந்தது.

அந்த அம்மா தண்ணீரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஜாடியைப் பார்த்தார்.

"எடுத்துக்கோங்க சார். அவங்களுக்கு வேற செஞ்சு குடுத்துக்கறேன். ஆனா தொப்பியோடதான் தருவேன். தனியாக் குடுத்தா என் கடைக்கு மரியாதையா இருக்காது."

ஜாடியை மடியிலும் தொப்பியைத் தலைக்கு மேலும் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். கண்டக்டர் ஜாடிக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார். தொப்பிக்கு வேண்டாம் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

நேராகக் கம்பெனிக்குப் போய் வயரை உருவினேன். அடியில் அரை இஞ்ச் ஓட்டை. வயர் போவதற்காக டிரில் போட்டிருக்கிறார்கள். விளக்கென்றால் வயர் எங்கேயாவது வெளியே வந்துதானே ஆக வேண்டும், எங்கே வருகிறது என்று கடையில் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. உள்ளே தலையை விட்டுப் பார்த்தவன் அடியில் பார்க்கவில்லை.

மாமியார் வர மூன்று நாள் இருந்தது. திருப்பிக் கொடுக்கலாம். வீட்டில் உண்மையைச் சொல்லலாம். இரண்டும் எனக்குத் தோன்றவில்லை. பம்புக் கம்பெனியில் ஓட்டை என்பது ஒரு பிரச்சினையே இல்லை. அதை அடைக்கத்தான் சம்பளம் தருகிறார்கள். லேத் ஓட்டும் ரங்கசாமியிடம் போனேன்.

"அரை இஞ்ச்ல ஒரு பித்தளைப் போல்ட் வேணும். நட்டோட."

"எந்தப் பம்புக்குங்ணா?"

"ஊறுகாய்க்கு."

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "செரிங்ணா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டான். எங்கள் ஊரில் அதுதான் வழக்கம். எதிராளி சங்கடப்படுவான் என்று தெரிந்தால் அடுத்த கேள்வியைக் கேட்கமாட்டோம். எத்தனையோ நல்ல காரியம் அதனால் நடந்திருக்கிறது. இந்தக் காரியமும் அதனால்தான் நடந்தது.

உள்ளே நட்டு, வெளியே போல்ட் தலை, இரண்டு பக்கமும் ரப்பர் வாஷர். நட்டு சுற்றாமல் இருக்கப் பசை போட்டு ஒட்டினேன். ஜாடி நிறையத் தண்ணீர் ஊற்றி ஒரு நாள் முழுக்க வைத்தேன். ஒரு சொட்டு வரவில்லை. இருபது குதிரைச் சக்தி பம்பைக்கூட நான் அவ்வளவு கவனமாகச் சோதித்ததில்லை. போல்ட் தலை தரையில் இடிக்காமல் இருக்க இரும்பில் ஒரு வளையம் செய்து அதன்மேல் ஜாடியை உட்கார வைத்தேன். வளையத்துக்குக் கம்பெனி பெயிண்டே அடித்தேன். பச்சை.

பூங்கொடி பார்த்தாள். "அச்சு அசலா அதே மாதிரி இருக்குதுங்க" என்றாள். ஒரு 'ங்க'தான். போல்ட்டைப் பற்றி நான் சொல்லவில்லை. தொப்பியைப் பரணில் போட்டேன்.

மாமியார் வந்தார். மாங்காய் மூட்டையை இறக்கினார். நேராக அடுப்படிக்குப் போனார். ஜாடிக் கழுத்தைத் தடவினார். குனிந்து கீழே பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"இந்த வளையம் எதுக்குங்க மாப்ள?"

"எறும்பு ஏறாதுங்க அத்தை."

"பரவால்லீங்க. நல்ல ரோசனை."

ஒன்பது வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அந்தப் பாராட்டை இழக்கக் கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன். சொன்னேனே, முடிவு செய்தால் மாறமாட்டேன்.

அன்றைக்கே ஊறுகாய் போட்டார். கொட்டையோடு வெட்டிய மாங்காய், உப்பு, மிளகாய்ப்பொடி, மேலே மிதக்க மிதக்க நல்லெண்ணெய். வாயில் வெள்ளைத்துணி கட்டி மூடினார். மறுநாள் காலை மரக்கரண்டியை விட்டுக் கிளறினார்.

'டங்.'

கரண்டியை நிறுத்தினார். மறுபடி கிளறினார். 'டங்.'

"மாங்கொட்டைங்களா மாப்ள, இப்படிச் சத்தம் போடுது?"

"இருக்குமுங்க."

"எங்க தோட்டத்துக் கொட்டை இத்தன கெட்டி இல்லீங்களே."

"அத்தை, நீங்க சிரமப்பட வேண்டாமுங்க. நாளையிலருந்து நான் கிளறிக்கறேன்."

எங்கள் வீடுகளில் ஆம்பிளை ஊறுகாய் ஜாடிப் பக்கம் போனதாக வரலாறு இல்லை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "செரிங்க. தலைக்குத் தண்ணி வாத்துப்போட்டு, கைய நல்லாத் தொடச்சுப்போட்டுத் தொடுங்க" என்றார்.

அன்றிலிருந்து விடியற்காலையில் எழுந்து, குளித்து, நெற்றியில் திருநீறு வைத்து, நட்டில் படாமல் சுற்றி வளைத்து ஊறுகாய் கிளறினேன். மூன்றாம் நாள் வளையத்துக்குக் கீழே ஒரு சொட்டு எண்ணெய் கிடந்தது. விரலால் துடைத்தேன். நாலாம் நாள் நாலு சொட்டு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரப்பருக்குத் தண்ணீர் ஆகும், எண்ணெய் ஆகாது. எண்ணெயில் ஊறினால் உப்பிக் கொழகொழத்துவிடும். இது பிட்டருக்குத் தெரிய வேண்டிய பாலபாடம். ஆனால் நான் பதினைந்து வருஷமாகத் தண்ணீர்ப் பம்பு மட்டுமே பார்த்தவன். ஊறுகாய்ப் பம்பு பார்த்ததில்லை.

ஸ்பேனரைக் கொண்டுவந்து அடியில் விட்டு ஒரு சுற்று இறுக்கினேன். சொட்டு நின்றது. மறுநாள் மறுபடி சொட்டியது. மறுபடி இறுக்கினேன். தினமும் மேலே கரண்டி, கீழே ஸ்பேனர். அவசரத்தில் ஸ்பேனரை அடுப்படியிலேயே மறந்துவிட்டு வேலைக்குப் போய்விடுவேன். சாயந்திரம் வந்து பார்த்தால் அது அதன் ஆணியில் ஒழுங்காகத் தொங்கும். நாம்தான் மாட்டியிருக்கிறோம், நல்ல பழக்கம் என்று நினைத்துக்கொள்வேன்.

இதற்கு நடுவில் மாமியார் பரணிலிருந்து எதையோ எடுக்கப் போய்த் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"இது என்னங்க மாப்ள?"

"ஈ மூடிங்க."

"ஓ." அதைக் கொண்டுபோய் முறுக்குத் தட்டின் மேல் கவிழ்த்தார். சரியாக இருந்தது.

புண்ணியார்ச்சனை நாள் வந்தது. விடியுமுன்னே எல்லோரும் குளித்து, புதுவீட்டு வாசலில் கூடினோம். காங்கேயத்து ஒறம்பரை, சொந்தக்காரர்கள் முழுக்க ஒரு வேனில் வந்து இறங்கியிருந்தார்கள். என் முதலாளி வந்திருந்தார். ரங்கசாமி வந்திருந்தான்.

வாடகை வீட்டிலிருந்து கிளம்பும் முன்னால் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். இன்றைக்கு ஒரு நாள் தாங்கினால் போதும் என்று போல்ட்டை வழக்கத்தை விட ஒரு சுற்று அதிகமாக இறுக்கினேன். ஏதோ 'நறுக்'கென்றது. திருகு மரை சரியாகப் பிடித்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். (நறுக்கென்றால் மரை அறுந்துவிட்டது என்று புதிதாக வரும் பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பவனே நான்தான்.)

முதலில் பசுவும் கன்றும் உள்ளே போயின. பிறகு விளக்கு, நிறைகுடம், உப்பு, மஞ்சள். அதற்குப் பின்னால் மாமியார். ஜாடியை இடுப்பில் வைத்திருந்தார். பட்டுச்சேலை. முகத்தில் அப்படி ஒரு பெருமை. பக்கத்தில் வந்த தன் ஓரகத்தியிடம், "எங்க மாப்பிள்ளை தெனமும் குளிச்சுப்போட்டு அவிய கையாலயே கெளறினாங்க அக்கா" என்று சொல்லிக்கொண்டே வலது காலை எடுத்து வைத்தார்.

வாசற்படியில் 'டிங்' என்று ஒரு சத்தம்.

மேளம் கொட்டிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. சாமி படத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்த நான் கீழே பார்த்தேன். போல்ட். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, புது மொசைக் தரையில் செக்கச்செவேல் என்று ஒரு கோடு போய்க்கொண்டிருந்தது. மாமியார் நடக்க நடக்கக் கோடும் கூடவே நடந்தது. வாசலிலிருந்து ஹால், ஹாலிலிருந்து அடுப்படி. பின்னாலேயே போன சொந்தபந்தம் எல்லாம் அதை மிதித்து, மஞ்சள் பூசிய காலோடு சிவப்புத் தடம் பதித்துக்கொண்டு வீடு முழுக்கப் பரவினார்கள்.

நான் ஓடிப்போய் ஜாடியைப் பிடிக்கப் பார்த்தேன். வழுக்கிற்று. படத்தை விடவில்லை. சாமி மடியிலும் நான் எண்ணெயிலும் உட்கார்ந்தோம்.

வெளியே வந்துகொண்டிருந்த பசு நின்றது. உப்பு வாசம். நாக்கை நீட்டிக் கோட்டை ஒரு நக்கு நக்கியது. நல்லாயிருந்தது போல. இன்னொரு நக்கு. அப்புறம் மிளகாய் தெரிந்தது. தலையை உதறி ஒரு கத்துக் கத்தியது. கத்திக்கொண்டே ஹால் நடுவில் சாணி போட்டது.

"ரொம்ப விசேஷம்! லட்சுமி வந்துட்டா!" என்றார் ஐயர். அந்தக் கூட்டத்தில் சந்தோஷமாக இருந்தவர் அவர் ஒருத்தர்தான்.

சத்தம் கேட்டுத் திரும்பிய மாமியார் கோட்டைப் பார்த்தார். தன் சேலையைப் பார்த்தார். இடுப்பிலிருந்து கீழே முழுக்கச் சிவப்பு. ஜாடியை மெல்ல இறக்கி வைத்தார். கோட்டைப் பிடித்துக்கொண்டே வாசல் வரை வந்தார். குனிந்து போல்ட்டை எடுத்தார். புளிப்பும் உப்பும் பட்டு அது பச்சையாகக் களிம்பேறி இருந்தது.

"இது என்னங்க மாப்ள?"

"போல்ட்டுங்க."

"யாரோடதுங்க?"

"நம்முளுதுங்க."

பின்வரிசையிலிருந்து ரங்கசாமி குரல் வந்தது. "அரை இஞ்சுங்க. நான்தான் கடைஞ்சு குடுத்தேனுங்க."

அதற்கு மேல் ஒளிக்க ஒன்றுமில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னேன். "அத்தை, உங்க ஜாடி உடைஞ்சுபோச்சுங்க. நான்தானுங்க உடைச்சேன். இது வேறங்க."

பூங்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். இதைத் தடுக்கத்தான் மூன்று வாரமாக நான் ஓடியது. மாமியார் போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேறன்னு வந்த அன்னைக்கே தெரியுமுங்க."

"எப்படிங்க?"

"இருவது வருசமா ஒரே எடத்துல பெருவிரல் வெச்சுத் தூக்கி, எங்க ஜாடிக் கழுத்துல மினுமினுப்பே போயிருக்குமுங்க. தடவிப் பாத்தேன். அந்த எடம் இல்லீங்க."

"அப்பவே கேட்டிருக்கலாமுங்களே அத்தை."

"எப்படிங்க கேக்கறது? விடியக்காலம் எந்திரிச்சுக் குளிச்சுப்போட்டு, சாமி கும்புடற மாதிரி ஊறுகாயக் கெளறிட்டு நிக்கறீங்க. அதப் பாத்துப்போட்டு வாய் வருதுங்களா?"

நான் பூங்கொடியைப் பார்த்தேன். "உனக்கும் தெரியுமா?"

"போல்ட்டுன்னு தெரியாதுங்க. என்னமோ இறுக்கறீங்கன்னு தெரியுமுங்க. தெனமும் ஸ்பேனர ஆணியில மாட்டறது யாருன்னு நெனச்சீங்க?"

ஆக, அத்தைக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். மூன்று பேரும் எட்டு நாள் ஒருத்தருக்கொருத்தர் 'ங்க' போட்டுக்கொண்டு, ஒரு ஓட்டை ஜாடியைச் சுற்றி வந்திருக்கிறோம்.

அத்தை என்னைத் திட்டுவார் என்று கூட்டம் காத்திருந்தது. நானும் காத்திருந்தேன். அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "புளிச்ச சாமானப் போயிப் பித்தளையில வெக்கலாமுங்களா மாப்ள? எந்திரிங்க. வேட்டிய மாத்துங்க."

பிறகு தன் ஓரகத்தி பக்கம் திரும்பி, கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். "தோட்டம் வெச்சிருக்கறவனெல்லாம் உடைஞ்சுபோச்சுன்னு சொல்லிப்போட்டு ஊட்டுல படுத்துக்குவான் அக்கா. இவரு போல்ட்டுப் போட்டாச்சும் நிறுத்தோணும்னு பாத்துருக்கறாரு."

பூங்கொடி தலையை நிமிர்த்தினாள். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். மறுபடி வழுக்கிற்று. முதலாளியும் ரங்கசாமியும் ஆளுக்கொரு கை பிடித்துத் தூக்கினார்கள்.

ஊறுகாய் முழுக்கக் குழிக்குள் போனது. தரையை மூன்று நாள் சோடா போட்டுத் தேய்த்தோம். மொசைக்கில் வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் ஒரு மங்கலான கோடு மட்டும் போகவில்லை. புதிதாக வருகிறவர்கள், "அடுப்படி எந்தப் பக்கமுங்க?" என்று எங்கள் வீட்டில் கேட்கத் தேவையில்லை.

மாமியார் ஊருக்குக் கிளம்பினார். பஸ் ஏற்றிவிடப் போனேன். படியில் கால் வைத்துக்கொண்டு திரும்பினார். "மாப்ள, பத்திரமுங்க" என்றார். எது பத்திரம் என்று சொல்லவில்லை. பஸ் நகரும் வரைக்கும் காத்திருந்து பார்த்தேன். ஜாடி என்ற வார்த்தை வரவே இல்லை. போல்ட்டை மட்டும் முந்தானையில் முடிந்து எடுத்துப் போய்விட்டார். காங்கேயத்தில் சாவிக்கொத்தில் மாட்டி வைத்திருக்கிறார். அவர் கிணற்று மோட்டாருக்கு என்னைத் தவிர யாரையும் கை வைக்க விடுவதில்லை.

ஜாடி மறுபடி விளக்காகிவிட்டது. பூங்கொடியே வயரை விட்டு, முறுக்குத் தட்டிலிருந்து தொப்பியை மீட்டு, ஹாலில் வைத்தாள். பார்க்கிறவர்கள் எங்கே வாங்கியது என்று கேட்கிறார்கள். ஒரே குறை, பல்பு சூடானால் ஹால் முழுக்க மாங்காய் ஊறுகாய் வாசம் வரும். வந்தவர்களுக்குப் பசிக்கும். சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்தச் சாமான் வாங்கினாலும் முதலில் கவிழ்த்துப் பார்ப்பார்கள். குக்கர், குடம், டிவி, எல்லாமே. வெகுநாள் கழித்து என் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பையன் நல்ல படிப்பு. நல்ல உயரம். தோட்டமும் உண்டு. எல்லோருக்கும் பிடித்துவிட்டது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது, ஊறுகாய் வாசம் வந்துகொண்டிருந்தது. மாமியார் மட்டும் பையனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க அத்தை, செரிங்களா?" என்று கேட்டேன்.

"மேலுக்கு எல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது" என்றார். "அடியில பாத்தீங்களா மாப்ள?"